ஒரே மூச்சில் சொன்ன பெயர்

பேனா இருக்குங்கய்யா, சட்டைப் பையிலயே இருக்கு. கையெழுத்துதானே, போட்டுடறேன். ஒரு தடவை படிச்சுக்கிறேன்னு கேட்டேன், அவ்வளவுதான். படிச்சுட்டேன், படிச்சுட்டேன். நாலு வரிக்கு எவ்வளவு நேரம் ஆகும். என்ன பண்றது, தொழில் பழக்கம். ஒரு தாளைக் கையில கொடுத்தா, ஒரு பார்வை பார்த்ததும் எனக்கு வாயில வந்துரும். பக்கம் பக்கமா வந்துரும். இந்த நாலு வரி மட்டும் வர மாட்டேங்குது.

அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க, பாவம். ஃபைல் அடுக்குற மாதிரி எட்டி எட்டிப் பார்க்குது, அவ்வளவுதானே. பழக்கமாயிடுச்சு எனக்கு. உள்ள வரும்போதே பாக் ஜுமாடி, நம்ம ஜுமாடி ஐயா வந்துட்டாருன்னு கத்துச்சு. நான் ஜுமாடி இல்லம்மா, என் பேரு குனார்சோ, குனாருன்னு கூப்பிடுவாங்கன்னேன். ஓ அப்படியான்னு கேட்டுட்டு, வந்தவங்க பேரு எழுதற நோட்டுல ஜுமாடின்னே எழுதிக்கிச்சு. போய்ப் பாருங்க, இருக்கும்.

வெளியே பெஞ்சு பூரா மாப்பிள்ளை பொண்ணுதான். ஷவ்வால் மாசம், கல்யாண சீசன், உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, தெரியும். நான் வாசல்ல செருப்பைக் கழட்டறேன், ஒரு மாப்பிள்ளை எழுந்து நின்னு, அடுத்தவங்க வாங்கங்கறான். எல்லாரும் கொல்லுன்னு சிரிக்கிறாங்க. அது என் வசனம்ங்கய்யா. ஒன்பது வருஷமா என் வசனம்.

நீங்க பார்க்கிறதில்லையா? அட. வீட்டம்மா? அவங்க பார்ப்பாங்களா, சரி. சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க வீட்டுல ஒரு பாட்டுச் சத்தம் கேட்கும், கூடவே டொக்குன்னு ஒரு முத்திரை சத்தம். அந்த டொக்கு நான்தான்.

நீங்க பார்க்காதவருங்கறதால மொதல்லேர்ந்து சொல்லிடறேன். கேட்டுட்டுச் சொல்லுங்க. சுருக்கமாத்தான்.

மூணாம் கவுண்டர்னு பேரு. உங்க ஆபீஸ் மாதிரியே ஒரு கல்யாணப் பதிவு ஆபீஸ். ஜகார்த்தா ஓரத்துல, சிபுபூர்ல ஒரு பழைய கிடங்குக்குள்ள போட்ட செட்டு. கோவிச்சுக்காதீங்க, இதைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு தடவை நிஜமாவே ஒரு ஜோடி குடும்ப அட்டை, பிறப்புச் சான்று, போட்டோ எல்லாம் எடுத்துக்கிட்டு வந்து மூணு மணி நேரம் வரிசையில உட்கார்ந்திருந்துச்சு. நாங்க துணை நடிகர்னு நெனச்சு அவங்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தோம். சாப்பிட்டுட்டு அந்தப் பொண்ணு கேட்டுச்சு, இந்த ஆபீஸ்ல ரொம்ப நல்லாக் கவனிக்கிறீங்க, எப்பக் கூப்பிடுவீங்கன்னு.

மூணாம் கவுண்டர்ல நான், ஜுமாடி. முத்திரை குத்தறவன். நாலாம் கவுண்டர்ல சுமிரா. படிவம் சரிபார்க்கிறவ. ஊருக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைக்கிற ரெண்டு பேரு, தங்களுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிக்க முடியலை. அதான் கதை. மொத்தக் கதையும் அதான். தினமும் கடைசியில ஜுமாடி நாற்காலியைத் திருப்பிக்கிட்டு, சுமிரா, ஒண்ணு சொல்லணும்பான். சுமிரா நிமிர்ந்து பார்ப்பா. அந்த நேரம் பார்த்து ஏதாவது நடக்கும். கரண்ட் போகும். கூரை ஒழுகும். யாரோ சீர் கொண்டு வந்த ஆடு கயித்தை அறுத்துக்கிட்டு உள்ள வந்து விண்ணப்பத்தை மேயும். ஜுமாடி ஒரு பெருமூச்சு விட்டு, முத்திரையை டொக்குன்னு குத்தி, அடுத்தவங்க வாங்கன்னுடுவான். பாட்டு வந்துரும்.

நீங்களே சிரிச்சுட்டீங்க பாருங்க. ஒன்பது வருஷம் இதையே பார்த்து நாடே சிரிச்சுச்சு.

சுமிராவா நடிக்கிறவங்கதான் வெனிங். ஆமாங்க, உங்க ஃபைல்ல இருக்கிற அதே வெனிங். வெளியே அந்த வெள்ளைக் கார்ல உட்கார்ந்திருக்காங்களே. பக்கத்துல இருக்கிறது மாப்பிள்ளை, டாக்டர் ஹனுங். மாட்டு டாக்டர், டெப்போக்ல. நல்ல மனுஷன். பாவம், இவங்களோட வெளியே போய் ஒரு கிண்ணம் பக்ஸோ, கறி உருண்டை சூப்பு, நிம்மதியாக் குடிக்க முடியலை அவரால. தள்ளுவண்டிக்காரன் கிண்ணத்தை இந்தப் பக்கம் வெனிங்குக்கு நீட்டிட்டு, அவரைப் பார்த்து, உனக்கு இல்ல, மூணாம் கவுண்டர்ல ஒருத்தன் ஒன்பது வருஷமா காத்துக்கிட்டிருக்கான், நீ யாருடா நடுவுலன்னு கேட்டானாம். இவர் அந்த உருண்டையைக் கண்ணால பார்த்துக்கிட்டே நின்னாராம். வெனிங்தான் செட்டுல வந்து சொன்னாங்க. சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

முப்பத்தெட்டு வயசுங்கய்யா அவங்களுக்கு. இத்தனை வருஷமா ஒரு வரன் வரலை. எப்படி வரும்? எல்லாருக்கும் அவங்க ஜுமாடிக்குன்னு ஆயிடுச்சு. சந்தையில மீன் வாங்கப் போனா, உன் ஆளு எங்கம்மான்னு கேட்பாங்க. நான் முடிவெட்டப் போனா, அந்தப் பொண்ணை எத்தனை நாள்டா காக்க வைப்பேன்னு கடைக்காரன் கத்திரியை வச்சுக்கிட்டு மிரட்டுவான். வெளியே வரவே வழியில்ல. செட்டைக் கலைச்சுட்டு வீட்டுக்குப் போனாலும் அந்த ரெண்டு கவுண்டரும் கூடவே வரும்.

எனக்கா? கல்யாணம் ஆச்சு, போச்சு. சீரியல் ஆரம்பிச்ச ரெண்டாம் வருஷம் போயிட்டா. சண்டையெல்லாம் இல்ல. காலையில படம் பிடிச்சு அதே சாயங்காலம் ஒளிபரப்பற வேலை எங்களுது. வசனத்தாள் பிரின்டர்லேர்ந்து சூடா வரும், கை சுட்டுக்கிட்டே படிப்போம். காலையில அஞ்சு மணிக்குப் போனா வீடு திரும்பும்போது எல்லாரும் தூங்கியிருப்பாங்க. அவ சொன்னா, ஆறு மணிக்கு டீவியில உன்னைப் பார்த்துடறேன், அது போதும், மிச்ச நேரத்துக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்னா. பார்த்துக்கிட்டா. நல்லாயிருக்கா.

சரி, விஷயத்துக்கு வர்றேன். டீவியில நடந்த அந்தக் கல்யாணத்துக்கு.

எங்க செட்டுல ஒரு கட்டுப்பாடு உண்டு. எழுதி ஒட்டியே இருக்கும், மேக்கப் அறைக் கதவுல. நிக்காஹ்ங்கறது விளையாட்டாச் சொன்னாலும் நிஜமாவே நின்னுடும்னு பெரியவங்க சொல்வாங்கல்ல, அந்தப் பயம். உங்களுக்கு நான் சொல்றதா. தினம் ஒரு கல்யாணம் எடுக்கிறோம், தப்பித் தவறி ஒண்ணு நிஜமாயிட்டா? அதனால மூணு காவல். ஒண்ணு, நடிக்கிறவங்க நிஜப் பேரு வரவே கூடாது, பாத்திரத்தோட பேருதான். ரெண்டு, பொண்ணைக் கொடுக்கிற அப்பாவா உட்கார்றவருக்கும் அந்தப் பொண்ணுக்கும் துளி ரத்த சம்பந்தம் இருக்கக் கூடாது. மூணு, மாப்பிள்ளை ஒரே மூச்சுல முழுசாச் சொல்லக் கூடாது. ஏத்துக்கிட்டேன்னு சொல்ற பாதியில கேமராவை நிறுத்திடுவாங்க. எல்லாரும் எழுந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்து மீதியைத் தனியா எடுப்பாங்க. எடிட்டிங்ல ஒட்டிக்கிறது. அப்புறம் தலாக்குங்கற வார்த்தை செட்டுக்குள்ளயே வரக் கூடாது. விளையாட்டுக்குக் கூட, டீ குடிக்கும்போது கூட. ஒரு லைட் பிடிக்கிறவன் வாய் தவறிச் சொன்னதுக்கு அன்னைக்கு வேலையையே நிறுத்திட்டாங்க.

ஒன்பது வருஷம் அந்த மூணு காவலும் நின்னுச்சு. ஒரே நாள்ல மூணும் போச்சு.

தயாரிப்பாளர் இபு தாந்தி. போன வருஷம் வேற சேனல்ல ஏதோ பாட்டுப் போட்டி ஆரம்பிச்சாங்க, எங்களைப் பார்க்கிறவங்க பாதிப் பேரு அங்க போயிட்டாங்க. அந்தம்மா கதை எழுதற யூசாக்கைக் கூப்பிட்டு, ஜுமாடிக்கும் சுமிராவுக்கும் கல்யாணம் பண்ணி வைன்னாங்க. யூசாக் மேசையில தலையை வச்சுட்டான். அம்மா, இவங்க ரெண்டு பேரும் சேரலைங்கறதுதான் என் கதை, சேர்த்துட்டா மறுநாள் நான் என்னத்தை எழுதுவேன், கல்யாணமான ரெண்டு பேரு ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிறதை யாரு பார்ப்பா, அதைத்தான் ஊர் பூரா அவங்கவங்க ஆபீஸ்லயே பார்க்கிறாங்களேன்னான். அந்தம்மா சொன்னாங்க, அப்போ நேரடி ஒளிபரப்பாப் பண்ணுவோம். வெட்டு ஒட்டு இல்லாம. ஒரு மணி நேரம். சனிக்கிழமை சாயங்காலம். நாடே உட்கார்ந்து பார்க்கும்.

யூசாக் என்கிட்ட வந்து, குனார், நீ முடியாதுன்னு சொல்லு, நீ சொன்னா கேட்பாங்கன்னான்.

நான் சொல்லலை. யோசிச்சுட்டுச் சொல்றேன்னேன். யோசிச்சு, சரின்னுட்டேன்.

ஏன்னு கேட்கறீங்களா? தொழில்ங்கய்யா. ஒன்பது வருஷமா வாயைத் திறந்து திறந்து மூடினவன். ஒரு தடவையாவது முழுசாச் சொல்லிப் பார்க்கலாமேன்னு இருக்காதா.

நேரடின்னா மூணாவது காவல் போச்சா? நடுவுல நிறுத்த முடியாது. இபு தாந்தி, பரவாயில்ல, பேரு வேற, அப்பா வேற, அது போதும்னாங்க. சுமிராவோட அப்பாவா நடிக்கிறவர் பாக் தோரோ. ஒன்பது வருஷமா அவர்தான். அன்னைக்கு பெக்காசியில வெள்ளம். ரோடு பூரா தண்ணி. அவரு ஒரு பெட்ரோல் பங்க் கூரை மேல நின்னுக்கிட்டு போன் பண்றாரு, கீழ கழுத்தளவு தண்ணி, பொண்ணை வேற யாரையாவது வச்சுக் கொடுத்துடுங்கன்னு. ஒளிபரப்புக்கு நாற்பது நிமிஷம் இருக்கு.

செட்டுல பெரியவர்னு சொல்லிக்கிற மாதிரி ஒரே ஒரு ஆளு. வேடிக்கை பார்க்க வந்து, பாத்திக் சட்டை, கறுப்புத் தொப்பியோட முன் வரிசையில உட்கார்ந்திருந்தாரு. பாக் சுகிமின். வெனிங்கோட அப்பா. நிஜ அப்பா.

ஆமாங்க. அதான். யாருக்கும் உறைக்கலைன்னு சொல்ல மாட்டேன். யூசாக் சொன்னான், அம்மா வேண்டாம், ரெண்டாவது காவல்னு. இபு தாந்தி, பேரு வேறதானேய்யா, பேருதான் முக்கியம்னு பெரியவரை இழுத்துக்கிட்டு வந்து நாற்காலியில உட்கார வச்சுட்டாங்க. முப்பது வருஷம் ஜகார்த்தாவுக்கும் சோலோவுக்கும் பஸ் ஓட்டினவர். அட்டையில பெரிய எழுத்துல எழுதிக் கேமராவுக்குப் பக்கத்துல பிடிச்சுக்கிட்டாங்க. என் மகள் சுமிராவைன்னு. பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாரு. பத்துத் தடவையும் சரியாச் சொன்னாரு.

அப்புறம் வெனிங் வந்தாங்க.

வெள்ளை லேஸ் சட்டை, கெபாயா. தலையில மல்லிகை, தோள் வரைக்கும் தொங்கவிட்டு. அந்தக் காலத்துல அவங்கம்மா தன் கல்யாணத்துக்குப் போட்டதாம், பெட்டியிலேர்ந்து எடுத்துக்கிட்டு வந்திருந்தாங்க. பெரியவருக்குத் தெரியாது. அப்போதான் பார்க்கிறாரு. அவங்கம்மா தவறி ஆறு வருஷம்.

எல்லாம் ஆரம்பிச்சாச்சு. சிவப்பு விளக்கு எரியுது. நடுவுல உட்கார்ந்திருந்தது கூட உங்க வேலையிலேர்ந்து ஓய்வு பெற்ற ஒரு அதிகாரிதான், தப்பு வரக் கூடாதுன்னு ஆலோசகரா வச்சிருந்தோம். சாட்சிக்கு ரெண்டு பேரு, ஒருத்தர் டிரைவர், ஒருத்தர் மைக் பிடிக்கிறவர். மேசை மேல மாப்பிள்ளை பொண்ணுக்குத் தர்ற மஹர், தொழுகைத் துணியும் மோதிரமும். பெரியவர் என் கையைப் பிடிச்சாரு. இறுக்கமா. அட்டை அந்தப் பக்கம் இருக்கு, அவரு இந்தப் பக்கம் மகளைப் பார்க்கிறாரு. பார்த்துக்கிட்டே சொன்னாரு, குரல் பஸ்ஸுக்குள்ள கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி. நான் பெத்த மகள் வெனிங்கை உனக்கு மணமுடிச்சுக் கொடுக்கிறேன்னு.

அட்டையை வச்சிருந்தவன் அட்டையைக் கீழ போட்டுட்டான்.

பெரியவரைத் தப்பு சொல்ல முடியுமா நீங்களே சொல்லுங்க. நடிகரா அவரு? அம்மாவோட கல்யாணக் கெபாயாவில மகள் வந்து நிக்கிறா, கையில ஒரு ஆம்பளை கை இருக்கு, மகளைக் கொடுன்னா எந்தப் பேரைச் சொல்லுவாரு?

அடுத்து என் முறை. ஒரே மூச்சுல சொல்லணும். நடுவுல நின்னா மறுபடியும் சொல்லச் சொல்வாரு நடுவுல இருக்கிறவரு, அது நம்ம வழக்கம். நான் சொன்னேன். வெனிங்கை மணமுடிக்கிறதை இந்த மஹருக்கு ஏத்துக்கிட்டேன்னு. சாட்சி ரெண்டு பேரும் பழக்க தோஷத்துல, ஆச்சு, ஆச்சுன்னுட்டாங்க.

இதைத்தானே நீங்க போன வாரம் போன்ல கேட்டீங்க. நானும் சொன்னேன்ல. எதிர்ல இருக்கிற ஆளு என்ன கொடுக்கிறாரோ அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறதுதான் நடிப்பு. அவரு வெனிங்னாரு, நான் வெனிங்னேன். கிளி மாதிரி. இயக்குநர் பேசறதைக் கேட்க காதுக்குள்ள ஒரு சின்ன கருவி வச்சிருப்பாங்க, அன்னைக்கு அது மக்கர் பண்ணுச்சு, யாரும் திருத்தலை, இல்லேன்னா சரியாச் சொல்லியிருப்பேன்னு. சொன்னேன்ல. ஆமா. இந்தத் தாள்லயும் அப்படித்தான் எழுதியிருக்கு.

கொஞ்சம் தண்ணி கிடைக்குமா. நன்றிங்கய்யா.

வீட்டுல பார்த்தவங்களுக்கு ஒண்ணுமே தெரியலை. நிஜப் பேரைச் சொன்னது ஒரு நகைச்சுவைன்னு நெனச்சுக் கைதட்டினாங்களாம். அத்தனை பேரு அதுக்கு முன்னாடி எங்களைப் பார்த்ததே இல்ல. இபு தாந்தி கேக் வெட்டினாங்க. ரெண்டு மாசத்துல யூசாக் சொன்னபடியே ஆச்சு, பார்க்கிறவங்க போயிட்டாங்க. இப்போ கதைப்படி நாங்க புருஷன் பெண்டாட்டி, எரிவாயு சிலிண்டர் யாரு மாத்தறதுன்னு சண்டை போடறோம். பிரிச்சு விடலாம்னு பார்த்தா அந்த வார்த்தையைச் செட்டுல சொல்லக் கூடாது. இன்னும் ரெண்டு வருஷம் ஒப்பந்தம். வெனிங்குக்கு உங்க முன்னாடி ஞாயித்துக்கிழமை கல்யாணம் முடிஞ்சா, புதன்கிழமை காலையில அவங்க எனக்குக் காய்ச்சல்னு நெத்தியில துணி போடற சீன். எழுதியாச்சு. இந்தத் தடவை தாள் முன்னாடியே வந்துடுச்சு.

அது போகட்டும். பெரியவர் விஷயம்தான். ஹனுங் வீட்டுலேர்ந்து வந்து பேசி, எல்லாம் முடிவாகி, தேதி குறிச்சதும் அவரு சொல்லிட்டாரு, நான் உட்கார மாட்டேன்னு. என் வாயால என் மகளை ஒருத்தன் கையில கொடுத்துட்டேன். அவளை இன்னொரு தடவை எப்படிக் கொடுப்பேன்? ஆயிரம் பேரு வந்து அது நாடகம்னாலும், என் கைக்குள்ள அவன் கை இருந்துச்சே, அது நாடகம் மாதிரி இல்லியேன்னாராம். வெனிங் அழுதுட்டாங்க. உங்ககிட்ட வந்து கேட்டாங்க. நீங்க தெளிவாச் சொன்னீங்க. கதையில வர்ற ஆளை நெனச்சுக் கதையைச் சொன்னா அது கதைதான். நாக்கு தவறினது நாக்கு தவறினதுதான். அந்த ஆளு மனசுல அப்போ யாரு இருந்தாங்கன்னு அவன்தான் சொல்லணும், வேற யாராலயும் சொல்ல முடியாதுன்னு. பெரியவரும் ஒத்துக்கிட்டாரு. குனார் பொய் சொல்ல மாட்டான், அவன் சுமிராதான் இருந்தாள்னு எழுதிக் கொடுத்தா நான் வந்து உட்கார்றேன்னுட்டாரு.

என்னை நம்பறாரு பாருங்க. பதினஞ்சு தடவை கூட பார்த்திருக்க மாட்டாரு என்னை.

நேத்து வெனிங்தான் போன் பண்ணினாங்க. குனார், ஒரு கையெழுத்து, அஞ்சு நிமிஷ வேலை, நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்னு. வழியில பின் சீட்டுல நான், முன்னாடி அவங்க ரெண்டு பேரும். டீ குடிக்கறீங்களான்னு கேட்டுட்டு ஃபிளாஸ்க்கை இப்படிப் பின்னாடி நீட்டினாங்க.

செட்டுலயும் அப்படித்தான். ரெண்டு கவுண்டருக்கும் நடுவுல ஒரு பலகை, பலகையில சின்னதா ஒரு ஜன்னல். சுமிரா தினமும் அது வழியா ஜுமாடிக்கு டீ நீட்டணும். கதையில வெறும் டீ. வெனிங் அதுல இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுப்பாங்க, என் தொண்டைக்கு. கேமராவுக்கு இஞ்சி தெரியாதே. யாரும் போடச் சொல்லலை. ஒன்பது வருஷமாப் போடறாங்க. இன்னைக்கு ஃபிளாஸ்க்லயும் இஞ்சிதான்.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. போன மழைக்காலம். அதாவது அந்த ஒளிபரப்புக்கெல்லாம் முன்னாடி. வேலை முடிஞ்சு வண்டி நிறுத்தற இடத்துல மழைக்கு ஒதுங்கி நின்னோம், நானும் அவளும். வேற யாருமில்ல. நான், வெனிங், ஒண்ணு சொல்லணும்னேன். அவ நிமிர்ந்து பார்த்தா. பார்த்துட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேடறா. என்ன தேடறேன்னேன். ஆட்டைக் காணோமே குனார்னா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா.

நான் என்ன சொல்லுவேன்? எப்படிச் சொன்னாலும் அது ஏற்கெனவே ஒளிபரப்பாயிடுச்சுங்கய்யா. குரலைத் தாழ்த்திச் சொன்னா அது நூத்தி நாற்பதாவது எபிசோட். பூ வாங்கிக்கிட்டுப் போனா அது ஐநூத்திச் சொச்சம். கடிதம் எழுதினது, மண்டி போட்டது, பேசாம நின்னது, எல்லாத்தையும் ஜுமாடி செலவழிச்சுட்டான். எனக்குன்னு ஒரு வழி கூட மிச்சம் வைக்கலை அவன். அதனால நானும் சிரிச்சுட்டு, குடை இருக்கான்னு கேட்கத்தான் வந்தேன்னேன். இருந்துச்சு. கொடுத்தா.

பாங்கு சொல்றாங்க. நீங்க தொழுகைக்குப் போகணும். இதோ முடிச்சுடறேன்.

எங்க போடணும், இந்தக் கோடு மேலயா? முழுப் பேரா? என் கையெழுத்தே மறந்து போச்சு, எல்லாரும் ஜுமாடின்னு போடச் சொல்லித்தான் தாளை நீட்டறாங்க. இருங்க. கு, னா... ஆமா, இப்படித்தான் இருக்கும்.

மேல தேதி. அதுவும் போட்டுட்டேன். ஒட்டின ஸ்டாம்ப் மேல பாதிக் கையெழுத்து வரணுமில்ல, வந்துடுச்சு. சரியாப் பார்த்துக்கோங்க. அப்போது என் மனதில் இருந்தது சுமிரா என்ற பாத்திரம் மட்டுமே. அந்த வரிக்கு நேராத்தான் போட்டிருக்கேன். பெரியவர்கிட்ட நீங்களே படிச்சுக் காட்டுங்க, நான் போகலை. அவரு என் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவாரு.

அந்தக் கருவி மக்கர் பண்ணலைங்கய்யா.

நல்லாக் கேட்டுச்சு. இயக்குநர் தொண்டை கிழியக் கத்தறாரு, சுமிரான்னு சொல்லு, சுமிரான்னு சொல்லு குனார், சுமிரா. மூணு தடவை. மூச்சை இழுக்கிற நேரம்தான், ஆனா அது போதும் எனக்கு, நான் இருபத்தஞ்சு வருஷமா இந்த வேலை பார்க்கிறவன், ஒரு மூச்சுக்குள்ள ஒரு பக்க வசனத்தை மாத்திடுவேன். கேட்டுச்சு. எல்லாம் கேட்டுச்சு.

இல்ல, வேண்டாம். தாளைத் திருப்பிக் கேட்கலை நான். குடுக்காதீங்க. மை காயலை, ஃபைலை உடனே மூடிடாதீங்க, ஒட்டிக்கும்.

பின்வாசல் இருக்கா இங்கே? அவங்க கார்கிட்டதான் நிக்கிறாங்க, ஆட்டோ பிடிச்சுப் போயிடறேன். வழக்கமா இந்த இடத்துல முத்திரையைக் குத்திட்டு ஒரு வசனம் சொல்லுவேன். முத்திரை உங்க கையில இருக்கு. வசனத்தையும் நீங்களே சொல்லிடுங்கய்யா, வெளியே காத்துக்கிட்டிருக்காங்க.